பஸ் லேட், பள்ளிக்கு லேட்: மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொதுப் போக்குவரத்தை நம்பிப் பள்ளிக்குப் போகும் மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும், வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம். எந்தக் கேள்வியிலிருந்தும் படிக்கத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரே அளவு பிந்தி வரும் பஸ்ஸால் பெரிய தொல்லை இல்லை. அதற்குத் தகுந்தபடி வீட்டிலிருந்து கிளம்பிவிடலாம். இன்றைக்கு 2 நிமிடம், நாளைக்கு 25 நிமிடம் என்று இஷ்டத்துக்கு வரும் பஸ்தான் ஆளைப் படுத்துகிறது. கீழே இருக்கும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

பஸ் 10 நிமிடம் லேட் என்றால் பள்ளிக்கும் 10 நிமிடம்தானே லேட்?

ஒரே பஸ்ஸில் ஏறிப் பள்ளி வாசலில் இறங்குகிறவருக்கு ஏறக்குறைய அப்படித்தான். பஸ் மாறிப் போகிறவருக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

ஓர் உதாரணம். முதல் பஸ் உங்களை 7:40-க்கு சந்திப்பில் இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து 7:45-க்கு இரண்டாவது பஸ். அது 8:10-க்குப் பள்ளியில் விடும். மணி அடிப்பது 8:20. முதல் பஸ் 4 நிமிடம் பிந்தினால் ஒன்றும் ஆகாது, அடித்துப் பிடித்து ஓடி ஏறிவிடலாம். 6 நிமிடம் பிந்தினால் 7:45 பஸ்ஸின் முதுகைத்தான் பார்க்க முடியும். அடுத்தது 8:15-க்கு என்றால் பள்ளி போய்ச் சேர 8:40. முதல் பஸ்ஸில் கூடுதலாகப் போன 2 நிமிடம், பள்ளி வாசலில் 30 நிமிடமாக வந்து நிற்கிறது. "6 நிமிடம்தானே பஸ் லேட், நீ எப்படி 20 நிமிடம் லேட்டாக வந்தாய்?" என்று ஆசிரியர் கேட்டால் பையன் திருதிருவென்று விழிப்பான். அவன் பொய் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பஸ்ஸும் தனித்தனியே 10 நாளில் 9 நாள் சரியாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் சரியாக வருவது 100 நாளில் 81 நாள்தான். அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் எங்கோ ஓர் இடத்தில் இடறும். அதனால் வழி தேர்ந்தெடுக்கும்போது, 10 நிமிடம் கூடுதலானாலும் மாறாமல் போகும் பஸ்ஸே பள்ளிக்கு நல்லது என்பது என் கருத்து. மாறித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டாவது பஸ் அடிக்கடி ஓடும் தடமாகப் பாருங்கள். முதலாவது அடிக்கடி ஓடி, இரண்டாவது ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று என்றிருந்தால் அந்த வழி வேண்டாம்.

10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். நான் நிற்கும்போது மட்டும் ஏன் 20 நிமிடம் வருவதில்லை, வந்தால் இரண்டு சேர்ந்து வருகிறது?

உங்கள் ராசி அப்படி இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

ஒரு பஸ் சிறிது பிந்துகிறது. பிந்திய நேரத்தில் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடுகிறது. கூட்டம் ஏற நேரமாகிறது, பஸ் இன்னும் பிந்துகிறது. அதற்கடுத்த ஸ்டாப்பில் அதைவிடக் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆளே இல்லை. முன்னால் போனது எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அது நிற்காமல் வந்து முன்னதை எட்டிப்பிடித்துவிடுகிறது. கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சிறிய தாமதம் தானாகச் சரியாகாது, போகப் போக வளரும் என்பதே அதன் சாரம். டிரைவர் சோம்பேறி, முதலாளி மோசம் என்றெல்லாம் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளி நேரத்தில் இது ஏன் இன்னும் மோசமாகிறது என்பதைக் காலையில் ஏதாவது ஒரு ஸ்டாப்பில் நின்று பார்த்தால் புரியும். பதினைந்து பிள்ளைகள் ஒரே கதவில் ஏறுகிறார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் உப்பிய பை. முதல் பிள்ளை பாஸை இயந்திரத்தில் வைக்கிறாள், சத்தம் வரவில்லை, எடுத்துத் துடைத்து மறுபடி வைக்கிறாள். அடுத்தவன் பாஸ் பையின் அடியில் இருக்கிறது. ஏறியவர்கள் நண்பர்களோடு கதவருகிலேயே நின்றுவிடுகிறார்கள், உள்ளே பாதி பஸ் காலியாக இருந்தும். ஒருவருக்கு 3 விநாடி என்றாலும் முக்கால் நிமிடம். அந்தத் துடைப்பும் தேடலும் சேர்ந்தால் ஒன்றரை நிமிடம். அதற்குள் சிக்னல் சிவப்பாகிவிடுகிறது.

இனி காத்திருப்புக் கணக்கு. பஸ்கள் சரியாக 10 நிமிட இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம் என்று வந்தால்? பஸ்களின் எண்ணிக்கை அதேதான், சராசரி இடைவெளியும் அதே 10 நிமிடம்தான். ஆனால் ஸ்டாப்புக்கு வருகிறவர்களில் 10-க்கு 9 பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் மாட்டுவார்கள். சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடம் ஆகிவிடும். "10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுகிறோம்" என்று நிர்வாகம் சொல்வதும் உண்மை, "எப்போதும் கால் மணி நேரம் நிற்கிறேன்" என்று மாணவர் சொல்வதும் உண்மை.

"பின்னால் ஒன்று காலியாக வருகிறது" என்று டிரைவர் சொன்னால் நம்பலாமா?

மேலே சொன்ன காரணத்தால், பெரும்பாலும் நம்பலாம். பஸ் வழிய வழிய வந்திருந்தால் அடுத்தது நெருக்கத்தில்தான் இருக்கும். ஆப்பில் அது எங்கே வருகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதுவாக இருந்தாலும் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போகாதீர்கள். முதல் பீரியட் போனால் போகட்டும்.

எங்கள் தடத்தில் 90 சதவீதம் பஸ்கள் சரியான நேரத்துக்கு ஓடுகின்றன என்று அறிக்கை வருகிறது. எங்கள் அனுபவம் அப்படி இல்லையே?

"சரியான நேரம்" என்பதற்கு என்ன வரையறை என்று முதலில் கேளுங்கள். ஜெர்மனியின் டாய்ச்ச பான் ரயில்வே 6 நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்தினால் அதைச் சரியான நேரம் என்றே கணக்கிடுகிறது. சுவிட்சர்லாந்து ரயில்வேக்கு அந்த எல்லை 3 நிமிடம். பல நகரப் பேருந்து நிர்வாகங்கள் 1 நிமிடம் முந்தியதிலிருந்து 5 நிமிடம் பிந்தியது வரை சரி என்று வைத்துக்கொள்கின்றன. நிர்வாகத்தின் பார்வையில் இதில் தவறில்லை. ஆனால் 5 நிமிடம் "சரியாக" பிந்திய பஸ், முதல் பதிலில் பார்த்ததுபோல, சந்திப்பில் உங்கள் அடுத்த பஸ்ஸைத் தவறவிட வைக்கப் போதும்.

இன்னும் மூன்று இடங்களில் கணக்கு நழுவும். ஒன்று, ரத்தான பயணங்கள். டாய்ச்ச பான் ரயில்வேயின் நேரந்தவறாமைக் கணக்கில் ரத்தான ரயில்கள் சேர்வதில்லை; வராத வண்டி பிந்தியதாகவும் ஆகாது. இரண்டு, எங்கே அளக்கிறார்கள் என்பது. புறப்படும் இடத்தில் எல்லாப் பஸ்ஸும் சரியாகத்தான் கிளம்பும். பள்ளி இருக்கும் பதினைந்தாவது ஸ்டாப்பில் என்ன நிலைமை? மூன்று, நாள் முழுவதற்குமான சராசரி. மதியம் 2 மணிக்கு ஆளில்லாமல் ஓடும் பஸ்கள் சரியான நேரத்துக்கு ஓடி, காலை 7:30 பஸ்ஸின் மானத்தைக் காப்பாற்றிவிடும். காலை 7 முதல் 9 வரை, பள்ளி ஸ்டாப்பில், ரத்தானவற்றையும் சேர்த்து எத்தனை சதவீதம் என்று கேட்டால் வேறு எண் கிடைக்கும்.

பஸ் முன்கூட்டியே போய்விடுகிறது. அதைப் புகார் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. பிந்தி வந்த பஸ்ஸில் நீங்கள் இருப்பீர்கள். முந்திப் போன பஸ்ஸில் இருக்க மாட்டீர்கள். அடுத்த பஸ் வரும்வரை முழு இடைவெளியையும் நின்று கழிக்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில், 1 நிமிடம் முந்திப்போன பஸ் உங்களை 20 நிமிடம் பிந்த வைக்கும். ஜப்பானில் 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்கு அந்த நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உலகமே அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. காலையில் ஓடிவந்து கதவு மூடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதில் வேடிக்கை தெரிந்திருக்காது.

அப்படியானால் எவ்வளவு நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்?

சராசரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சராசரிப் பயண நேரத்தை நம்பிக் கிளம்பினால் ஏறக்குறைய பாதி நாள் லேட்டாவீர்கள்.

இப்படிச் செய்யலாம். ஒரு மாதம், வீட்டை விட்டு இறங்கிய நேரம், பள்ளி வாசலைத் தொட்ட நேரம் இரண்டை மட்டும் நோட்டில் குறியுங்கள். ஏறக்குறைய 20 பள்ளி நாள் கிடைக்கும். அந்த 20 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். கடைசியில் நிற்பது மிக மோசமான நாள். அதற்கு முந்தையதை, அதாவது 19-வது எண்ணை எடுத்து அந்த அளவு நேரம் ஒதுக்கிக் கிளம்பினால் மாதத்துக்கு ஒரு நாள்தான் லேட்டாவீர்கள். 18-வதை எடுத்தால் மாதத்துக்கு இரண்டு நாள். பள்ளி எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும் என்று பார்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த மிக மோசமான நாள் மரம் விழுந்த நாளாகவோ வேலைநிறுத்த நாளாகவோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் சேர்த்துக் கிளம்பினால் விடியும் முன்பே ஸ்டாப்பில் நிற்க வேண்டியதுதான்.

அடிக்கடி பஸ் இல்லாத தடத்தில் 5 நிமிடம் முன்னதாகக் கிளம்பி ஒரு பயனும் இல்லை. அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருப்பீர்கள். அங்கே இருப்பது இரண்டே தேர்வு: இந்தப் பஸ், அல்லது அதற்கு முந்தைய பஸ்.

முன்னதாகக் கிளம்பினால் தீர்ந்துபோயிற்று, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கிறார்களே?

அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். தூக்கத்திலிருந்துதான் வருகிறது. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. "சீக்கிரம் படு" என்று சொன்னால் படுக்கலாம், தூக்கம் வராது. இதனால்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல் சொன்னது. கலிஃபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கி 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பஸ்ஸை நம்ப முடியாததால் தினமும் 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பஸ் சரியாக வந்த நாட்களில் அந்த 20 நிமிடம் பூட்டிய பள்ளி வாசலில் நின்றே கழிகிறது. பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த விலையைக் கட்டுவதில்லை. தூரத்தில், வசதி குறைந்த பகுதியில், ஒரே ஒரு பஸ் தடத்தை நம்பி இருக்கிறவர்கள்தான் கட்டுகிறார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள்: முக்கால் மணி நேரம் முன்னதாக வாசலையும் ஓர் அறையையும் திறந்து வையுங்கள். நூலகம் என்றால் இன்னும் நல்லது. செலவு அதிகமில்லை.

10 நிமிடம் லேட்டாவதால் படிப்பு அப்படியென்ன கெட்டுவிடும்?

ஒரு நாள் என்றால் ஒன்றும் கெடாது. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எது கெடுகிறது என்று நேர அட்டவணையைப் பாருங்கள். லேட் எப்போதும் முதல் பீரியடைத்தான் தின்னும். திங்கள், புதன், வெள்ளி முதல் பீரியட் கணக்கு என்றால் அந்தப் பிள்ளை கணக்கில் மட்டும் பின்தங்குகிறது. மதிப்பெண் வந்ததும் "மற்றதெல்லாம் நன்றாகத்தான் படிக்கிறான், கணக்குதான் மண்டையில் ஏறவில்லை" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. டியூஷன் வைக்கிறார்கள். முதல் பீரியட்களை வாரம் முழுக்கப் பாடம் மாற்றிப் போட்டாலே இந்த நஷ்டம் பரவலாகிவிடும். நேர அட்டவணை போடும் ஆசிரியர் கையில் இருக்கும் விஷயம்.

அந்த முதல் 10 நிமிடம் சாதாரண 10 நிமிடமும் இல்லை. நேற்று எங்கே விட்டோம், வீட்டுப்பாடத்தில் எது தவறு, இன்றைக்கு என்ன பார்க்கப்போகிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் சொல்லப்படும். அதைத் தவறவிட்டு உள்ளே வருகிறவருக்குக் கரும்பலகையில் நடுவிலிருந்து ஒரு கணக்கு தெரியும். மூச்சிரைக்க உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன நடக்குது?" என்று கேட்டால் பேசியதற்காக இன்னொரு திட்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. வாசலில் நிற்க வைத்து, பெயர் எழுதி, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டு அனுப்பும் பள்ளிகளில் பிள்ளைகள் சீக்கிரமே ஒரு கணக்குப் போடுகிறார்கள்: லேட்டாகப் போய் அவமானப்படுவதைவிட லீவே போட்டுவிடலாம். 10 நிமிடம் ஒரு முழு நாளாகிவிடுகிறது. அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்களைத் தொடர்ந்து வராதவர்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டே இரண்டு நாள்தான் அந்த எல்லை.

லேட்டாக வரும் மாணவரைப் பள்ளி தண்டிக்கலாமா?

விதி பள்ளிக்குப் பள்ளி மாறும். என் கருத்தைக் கேட்டால், தண்டனை நடத்தையை மாற்றுவதற்காக. பஸ்ஸின் நடத்தையைப் பையனைத் தண்டித்து மாற்ற முடியாது.

எல்லாரும் பஸ் மேல் பழி போடுவார்களே என்று ஆசிரியர்கள் அஞ்சுவதும் நியாயம்தான். ஜப்பானில் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ரயில் பிந்தினால் நிலையத்தில் தாமதச் சான்றிதழ் என்று ஒரு சின்னத் துண்டுச் சீட்டு தருகிறார்கள். பல நிறுவனங்கள் இணையத்திலும் வெளியிடுகின்றன. மாணவர் அதைப் பள்ளியில் கொடுத்தால் பேச்சு முடிந்தது. இது இல்லாத இடங்களில் பள்ளியே காலையில் போக்குவரத்து நிறுவனத்தின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடலாம். ஒரே தடத்திலிருந்து ஆறு பேர் ஒன்றாக லேட்டாக வந்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பதிவேட்டில் "லேட்" என்று ஒரே குறி போடாமல், போக்குவரத்தால் லேட் என்பதற்குத் தனிக் குறி வையுங்கள். மூன்று மாதத்தில் எந்தத் தடம், எந்தக் கிழமை என்று படமாகத் தெரிந்துவிடும். பிறகு போக்குவரத்து நிறுவனத்திடம் பேசப் பள்ளியின் கையில் சரக்கு இருக்கும்.

ஒன்றை மட்டும் எந்தப் பள்ளியும் செய்யக் கூடாது. மணி அடித்ததும் வெளிக்கதவைப் பூட்டிப் பிள்ளைகளைத் தெருவில் விடுவது. வீட்டில் பள்ளியில் இருப்பதாக நினைக்கிறார்கள், பள்ளியில் வரவில்லை என்று குறித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாருக்கும் தெரியாது.

பஸ் லேட் என்பதற்கு நான் என்ன ஆதாரம் காட்டலாம்?

ஆப்பில் தாமதம் காட்டும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட். நேரம் அச்சான டிக்கெட் இருந்தால் அது. பாஸ் வைத்து ஏறினால் பல இடங்களில் ஏறிய நேரம் கணக்கில் பதிவாகும். எதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் ஸ்டாப்பிலிருந்தே பள்ளிக்கு ஒரு வரி அனுப்பலாம்: "தடம் இன்னது, 7:20 பஸ் இதுவரை வரவில்லை, மகள் ஸ்டாப்பில்தான் நிற்கிறாள்." லேட்டாகப் போய்ச் சேர்ந்தபின் சொல்வது சாக்காகக் கேட்கும், நிற்கும்போதே சொன்னால் தகவல்.

ஆப்பில் காட்டும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

அது எந்த நேரம் என்பதைப் பொறுத்தது. போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 2005-ல் உருவாக்கிய ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொது வடிவத்தில்தான் இன்று உலகின் பெரும்பாலான பேருந்து அட்டவணைகள் ஆப்களுக்குள் போகின்றன. அது வெறும் அட்டவணை. பஸ் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் நேரடித் தகவல் தனியாக வர வேண்டும். வராவிட்டால் ஆப் அட்டவணை நேரத்தையே பஸ் வருவதுபோலக் காட்டும். 3 நிமிடம், 2 நிமிடம், 1 நிமிடம் என்று இறங்கி, பஸ் வராமலே அந்த வரி திரையிலிருந்து மறைந்துபோகும் கூத்து இதனால்தான்.

நேரடித் தகவல் இருந்தால் பெரும்பாலான ஆப்கள் அந்த நேரத்தை வேறு நிறத்திலோ பக்கத்தில் அலைக்குறி போட்டோ காட்டும். அந்தக் குறி இல்லாத நேரத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். புறப்படும் இடத்துக்கு அருகில் உங்கள் ஸ்டாப் இருந்தால் நேரடித் தகவலும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியதே. கிளம்பாத பஸ்ஸின் நேரத்தை யாரால் கணிக்க முடியும்?

சக்கர நாற்காலியில் போகும் மாணவர்களுக்கு?

அவர்களுக்குத் தாமதம் இரட்டிப்பாகிறது, அதை யாரும் எண்ணுவதில்லை. பஸ் சரியான நேரத்துக்கே வரும். ஆனால் சாய்தளம் வேலை செய்யாது, அல்லது நாற்காலிக்கான இடத்தில் கூட்டம் நிற்கும். பஸ் போய்விடும். பதிவேட்டின்படி அந்தப் பயணம் தாமதமே இல்லை. சேர்ந்து வரும் பஸ்களில் முன்னது நெரிசலாக இருப்பதால் அவர்கள் எப்போதும் இரண்டாவதுக்குத் தள்ளப்படுகிறார்கள். ரயிலில் என்றால் லிஃப்ட் பழுதானால் அந்த நிலையமே இல்லை என்றாகிவிடும். புகார் எழுதும்போது "பஸ் வந்தது, என்னால் ஏற முடியவில்லை" என்பதைத் தனியாக, அதே வார்த்தைகளில் எழுதுங்கள். லேட் என்று எழுதினால் "இல்லையே, சரியாகத்தான் வந்தது" என்று பதில் வரும்.

மழை நாளில் ஏன் எல்லாமே குழம்புகிறது?

சாலையில் வேகம் குறைகிறது, நடக்கிறவர்களும் சைக்கிளில் வருகிறவர்களும் பஸ்ஸுக்கு வருகிறார்கள், குடையை மடக்கி ஏற நேரமாகிறது. மூன்றும் ஒன்றாக. மழை நாளை முன்னரே கணித்துவிடலாம் என்பதால், முந்தைய இரவே ஒரு பஸ் முன்னதாகப் போக முடிவு செய்துவிடுங்கள்.

பஸ் வராவிட்டால் சின்னப் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது?

"எவ்வளவு நேரம் நிற்பது" என்பதை வீட்டிலேயே கடிகார நேரமாகத் தீர்மானியுங்கள். "கொஞ்ச நேரம் பார்" என்றால் பிள்ளை ஒரு மணி நேரம் பார்க்கும். "7:40 வரை நில், வராவிட்டால் போன் செய்" என்றால் தெளிவு. போன் இல்லாத பிள்ளைக்கு, திரும்பி வீட்டுக்கு வருவதா, பக்கத்தில் தெரிந்தவர் வீட்டுக்குப் போவதா என்பதை ஒன்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வழி சொன்னால் அவசரத்தில் குழம்பும். தெரியாதவர் வண்டியில் ஏறக் கூடாது என்பதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் தகும். லேட்டானதற்காகத் திட்டு விழும் வீடுகளில்தான் பிள்ளைகள் அந்த மாதிரி வண்டியில் ஏறத் துணிவார்கள்.

காலை மட்டும்தான் பேசுகிறோம். மாலையில் வீடு திரும்புவது?

மாலைத் தாமதத்துக்கு எந்தப் பதிவேடும் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அதுவும் முடிவுகளை மாற்றுகிறது. விளையாட்டுப் பயிற்சி 5:30-க்கு முடிகிறது, அதற்குப் பிறகு பஸ் மணிக்கு ஒன்றுதான், அதுவும் வருமோ என்னவோ என்றால் பெற்றோர் முதலில் வெட்டுவது அந்தப் பயிற்சியைத்தான். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம். தம்பி தங்கையை வேறு பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய மூத்த பிள்ளைக்கு 15 நிமிடத் தாமதம் என்றால், அங்கே ஒரு சின்னப் பிள்ளை வாசலில் தனியாக நிற்கிறது. பயிற்சி முடியும் நேரத்தை 10 நிமிடம் முன்னே இழுத்தால் பஸ் கிடைக்கும் என்றால் பயிற்சியாளர்கள் இழுத்துவிடலாம்.

போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுதினால் பலன் உண்டா?

"உங்கள் சேவை மிக மோசம், உடனே நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும். தடம், திசை, ஸ்டாப், தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், நின்றதா நிற்காமல் போனதா: இவற்றை 20 நாளுக்கு ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளியின் கடிதத்தோடு அனுப்பினால் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள். காலை நேர இயக்கத்தைத் திட்டமிடுகிறவருக்கே அந்தத் தகவல் தேவைப்படும்.

என்ன வேண்டும் என்பதையும் குறிப்பாகக் கேளுங்கள். சந்திப்பில் இணைப்பு பஸ் 3 நிமிடம் காத்திருக்க முடியுமா? பள்ளி வழியாக 7:30-க்கு ஒரு கூடுதல் பஸ், முழுத் தடமும் போகாமல் பாதித் தூரம் ஓடித் திரும்பினால்கூடப் போதுமா? பள்ளி ஸ்டாப்பில் எல்லாக் கதவிலும் ஏற அனுமதிக்கலாமா? சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 2012-ல் தன் எல்லாப் பஸ்களிலும் அப்படி அனுமதித்தது. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991-ல் வந்த குழாய் வடிவ நிறுத்தங்களில் கட்டணத்தை முன்னதாகவே செலுத்திவிட்டு மேடையிலிருந்து நேரே பஸ்ஸுக்குள் நடக்கலாம். பாஸைத் துடைத்துத் துடைத்து வைக்கும் அந்த ஒன்றரை நிமிடம் அங்கே கிடையாது.

பஸ் நேரம் அசையாது என்றால் பள்ளி மணியை அசைக்கலாம். அட்டவணைப்படி பஸ் 8:18-க்கு வரும், மணி 8:20 என்ற நிலை பல பள்ளிகளில் இருக்கிறது. இரண்டு தரப்பும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை என்று அதற்குப் பொருள். 10 நிமிடம் தள்ளினால் நூறு லேட்கள் ஒரே நாளில் மறையும். ஒரே தடத்தில் மூன்று பள்ளிகள் இருந்தால் மணியைக் கால் மணி நேரம் வித்தியாசப்படுத்தினாலே ஸ்டாப்பில் கூட்டம் பிரிந்துவிடும்.

பேசாமல் நடந்தே போய்விடலாமா?

சாதாரண நடையில் 1.5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம் ஆகும். மேலே சொன்ன 20 நாள் கணக்கில் பஸ்ஸின் 19-வது எண் அதைவிடப் பெரியதாக இருந்தால், வழி பாதுகாப்பாக இருக்கும்பட்சத்தில், நடப்பதே விரைவு. பையின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை அன்று?

வழக்கமாகப் போவதற்கு முந்தைய பஸ் என்பது சாதாரண நாளுக்கு. பரீட்சை அன்று அதற்கும் முந்தையது. மாறிப் போகும் பஸ் வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் யாரையாவது கொண்டுபோய் விடச் சொல்ல முடிந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை நிமிடம் பிந்தினால் உள்ளே விட மாட்டார்கள் என்ற விதியை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு மையம் வேறு பள்ளியில் என்றால் அங்கே போகும் தடத்தில் ஒரு வேலை நாள் காலையில், அதே நேரத்தில், ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பஸ் சிட்டாகப் பறக்கும், அதனால் பயனில்லை. மையத்தின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நடுவழியில் நின்றால் இறங்கி ஓடத் தொடங்குவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.